கையெழுத்துப் போடுமுன் பக்கத்தில் ஒருவர் வேண்டும்: தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் சட்டத் தொழில் செய்யும் தமிழர்களுக்கு,

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தவர்கள். நாளிதழில் உங்கள் படம் வந்தால் வெட்டி எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வேறொன்று. கட்டாயப் படைப் பணியான தேசிய சேவையில் முழங்கால் போன ஒரு பையனின் தாய் நான்.

அடிப்படைப் படைப்பயிற்சிக்காக அவனைத் தெக்கோங் தீவில் விட்டு வந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. படகில் கூடவே போனோம். முகாம் உணவகத்தில் எங்களுக்கும் மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். பையன்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தபோது என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அந்தக் காலத்தில் இரண்டரை ஆண்டு செய்தவர். ஒன்பது வாரம் கழித்து, 24 கிலோமீட்டர் நடந்து முடித்து மரினா பே மிதக்கும் மேடையில் அவன் தொப்பியை வானத்தில் வீசியபோது, பெற்றதன் பலன் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காயம்பட்டது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து. தடை ஓட்டப் பயிற்சியில் சுவரிலிருந்து குதித்து இறங்கும்போது முழங்காலுக்குள் ஏதோ டக் என்றதாம். விழுந்தான், எழுந்தான், மீதி ஓட்டத்தையும் நொண்டி நொண்டியே முடித்தான். அன்று முகாம் மருத்துவரான எம்.ஓ.விடம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்கு, "சாவ்கெங்னு சொல்லுவாங்கம்மா" என்றான்.

முகாமுக்குள் போன எந்தப் பையனுக்கும் அந்தச் சொல் தெரியும். வேலைக்குக் கள்ளம் போட்டு நோயாளி வேடம் கட்டுகிறவன் என்று பொருள். இருபது வயதில் அந்தப் பெயரைத் தாங்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தவனுக்குக் கோடாலித் தைலம் தேய்த்து, கால்மாட்டில் இரண்டு தலையணை வைத்தேன். திங்கட்கிழமை மறுபடி ஓடினான். இரண்டு வாரம் கழித்து முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிய பிறகுதான் மருத்துவரிடம் காட்டினான். எப்போதெல்லாம் வலிக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். மாடிப்படி ஏறும்போது, பந்து விளையாடும்போது என்று பையன் சொல்லியிருக்கிறான். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர்மீது எந்தக் குறையும் இல்லை.

ஸ்கேன் எடுத்ததில் ஜவ்வு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. நாங்கள் ஒரு காசு செலவழிக்கவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். சேவைக் காலமும் முடிந்து, அதாவது ஓ.ஆர்.டி. ஆகி, வந்துவிட்டான். சிக்கல் பிறகுதான் தொடங்கியது. நிரந்தரப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கலாம் என்று யாரோ சொல்ல, கேட்டோம். அப்போது அந்தப் பழைய மருத்துவக் குறிப்பிலிருந்த 'பந்து விளையாடும்போது' என்ற இரண்டே சொற்கள் எழுந்து வந்து எங்கள் எதிரில் நின்றன. காயம் பயிற்சியில் பட்டதா, பந்தாட்டத்தில் பட்டதா? முதல் இரண்டு வாரம் ஏன் எந்தப் பதிவும் இல்லை? கூட ஓடிய நண்பர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஒருவன் ஆஸ்திரேலியாவில் படிக்கிறான்.

கடைசியில் வந்த கடிதத்தில் பாதிப்பு எத்தனை விழுக்காடு என்ற கணக்கும் ஒரு தொகையும் இருந்தன. சாப்பாட்டு மேசையில் அதை வைத்து நாங்கள் மூவரும் திரும்பத் திரும்பப் படித்தோம். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனால் சட்டத்தின் ஆங்கிலம் தனி மொழி. அந்த விழுக்காட்டை எப்படிக் கணக்கிட்டார்கள், மறுத்துப் பேசலாமா, பேசினால் இருப்பதும் போய்விடுமா, ஒன்றும் புரியவில்லை. தெரிந்த வழக்கறிஞர் எவரும் இல்லை. (பிஸ்கட் டின்னில் இருந்த படங்கள் அன்று என் நினைவுக்கு வரவேயில்லை என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.) கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம். என் மகன் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலைக்குப் படித்தவன். மின்தூக்கிக் குழிக்குள் இறங்கி முட்டி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை அது. அவன் முழங்காலுக்குக் கொடுத்த விழுக்காட்டில் அந்தக் குழி இருந்ததா என்று கேட்டுச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

அதன்பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் படித்துத் தெரிந்துகொண்டவை உங்களுக்குப் பால பாடம். ஆனாலும் ஒரு தாய் இதைப் படிக்கும்போது என்ன தோன்றியது என்று நீங்கள் அறிய வேண்டும்.

அரசாங்க வழக்கு நடவடிக்கைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கடமையில் இருக்கும் படைவீரர் ஒருவரின் செயலால் இன்னொரு வீரர் காயப்பட்டாலோ இறந்தாலோ, அது சேவையால் விளைந்தது என்று அமைச்சர் சான்றளித்துவிட்டால் அரசாங்கத்தின்மேல் கவனக்குறைவு வழக்குப் போட முடியாது என்கிறது. 2012ல் முராய் நகர்ப்புறப் பயிற்சித் தளத்தில் புகைக்குண்டுப் புகையால் ஒரு தேசிய சேவையாளர் இறந்தார். அவர் குடும்பம் தொடுத்த வழக்கை 2016ல் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின்படிதான் தள்ளுபடி செய்தது. வழக்குக்குப் பதிலாக, ஆயுதப் படை ஓய்வூதிய விதிமுறைகளின்கீழ் இழப்பீடு உண்டு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சேவையால் விளைந்தது என்றால் போதும். இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பயிற்சி மைதானத்தில் ஒவ்வொரு கட்டளையும் இடுமுன் அதிகாரி நீதிமன்றத்தை நினைத்து நடுங்கினால் படை படையாக இருக்காது. என் கணவரும் இதையேதான் சொல்கிறார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு கதவு இருந்த வீட்டில் ஒன்றை மூடிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரே கதவு எப்படித் திறக்கும் என்று காட்ட ஒருவரும் நிற்கவில்லை. வழக்கு என்றால் மக்கள் தாமாகவே வக்கீலைத் தேடிப் போவார்கள். இழப்பீடு என்பது படிவம் நிரப்பும் வேலைபோலத் தெரிவதால் யாரும் போவதில்லை. 'சேவையால் விளைந்தது' என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு சட்டம் அடங்கியிருக்கிறது என்பது அடிபட்ட பிறகே தெரிகிறது.

கட்டுமானத் தளத்தில் விழுந்த தொழிலாளிக்கு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. சீருடையில் இருப்பவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். தொழிலாளியின் காயத்துக்கு எத்தனை விழுக்காடு என்று மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டி நூலை யாரும் படிக்கலாம். அவருக்குத் துணை நிற்கத் தொண்டர்களும் இருக்கிறார்கள். 'கஃப் ரோடு திட்டம்' என்ற பெயரில், காயம்பட்ட ஊழியர்களுக்குச் சாப்பாடு போட்டு, அப்படியே அவர்கள் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொள்கிறார்கள் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டி.டபிள்யூ.சி.2 அமைப்பினர். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்காக உங்களில் பலர் காசு வாங்காமல் வாதாடியிருக்கிறீர்கள். அதில் எனக்குப் பெருமை. விழுக்காடு, மருத்துவ வாரியம், மறுமதிப்பீடு எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை. அதே கலையை இந்த ஊர்ப் பிள்ளைகளின் பக்கமும் கொஞ்சம் திருப்பக்கூடாதா?

வெளிநாட்டுக் கதைகள் மூன்று படித்தேன். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியத்தை இடைத்தரகர்கள் பறிக்கிறார்கள் என்று, 1864ல் வழக்கறிஞர் கட்டணத்துக்கு 10 டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். வீரனைக் காக்கத்தான் வைத்தார்கள். அந்த 10 டாலர் 1988 வரை மாறவே இல்லை. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள்! பத்து டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? வீரன் தனியாகவே போய் நின்றான். 1988ல்தான் அந்தத் தடையைத் தளர்த்தி, முன்னாள் வீரர்கள் மேல்முறையீடு செய்ய ஒரு நீதிமன்றத்தையும் ஏற்படுத்தினார்கள். இன்று அங்கே ஆதாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் வீரனுக்கே என்பது சட்டம்.

இரண்டாவது பிரிட்டன். நம் 14ஆம் பிரிவுக்குத் தாய் அவர்களுடைய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. தாய்ப் பிரிவு 1987லேயே அங்கே நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைப் பிரிவு இங்கே உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2013ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. சேர்க்கும்போது வீரனுக்கு இந்த நோய் இருந்தது என்று குறிப்பு எதுவும் எழுதப்படவில்லையா? அப்படியென்றால் அவன் நல்ல உடம்போடுதான் வந்தான், பின்னால் வந்தது சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. என் மகனைச் சேவையில் சேர்க்குமுன் டெப்போ ரோட்டில் தலைமுதல் கால்வரை சோதித்து 'பெஸ் ஏ', அதாவது முழு உடல்தகுதி, என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நம் சட்டம் வேறு, அவர்கள் சட்டம் வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுத்து, 'ஐயா, இந்தக் கால் நல்ல காலாக உங்களிடம் வந்தது' என்று முறையாக ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவர் அன்று எங்கள் மேசையில் இருந்திருந்தால்?

தற்காப்பு அமைச்சும் சட்ட அமைச்சும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வழக்குத் தொடுக்கும் வழியைச் சட்டமே அடைக்கிறபோது, இழப்பீடு கேட்பவருக்குச் சுதந்திரமான ஒரு சட்ட ஆலோசகரை அரசு செலவில், வருமானம் பார்க்காமல் கொடுங்கள். தேசிய சேவைக்கு அழைக்கும்போது யாருடைய வருமானத்தையும் கேட்பதில்லை அல்லவா? சட்ட உதவி பெறவோ வருமான வரம்பு உண்டு. ஆசிரியை சம்பளமும் பேருந்து ஓட்டுநர் சம்பளமும் சேர்ந்த எங்கள் வீடு போன்றவை பணக்கார வீடும் இல்லை, அந்த வரம்புக்குள் அடங்கும் வீடும் இல்லை. படையில் பாதுகாப்பை மேற்பார்வையிட 2019ல் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைத்ததை வரவேற்றவள் நான். காயம் படாமல் காப்பதில் காட்டும் அக்கறை, பட்ட பிறகு காகிதத்தோடு தனியாக நிற்கும் பையன்மேலும் விழ வேண்டும்.

அது நடக்க நாளாகும். அதுவரை நீங்கள் இருக்கிறீர்கள். 2015 முதல் நீங்கள் ஆண்டுதோறும் எத்தனை மணிநேரம் இலவச சட்டச் சேவை செய்தீர்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். அந்த மணிநேரங்களில் மாதம் இரண்டைக் காயம்பட்ட இந்தப் பையன்களுக்காகக் கேட்கிறேன். சமூக மன்றங்களில் ஏற்கெனவே சட்ட ஆலோசனை நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் அங்கே கிடைப்பது சிறிது நேரப் பேச்சு. கடிதம் எழுதித் தரமாட்டார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டதே கடிதம்தான்.

வருகிற பையனிடம் முதலில் நீங்கள் சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன், என் வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் உங்களைக் கேட்கிறேன். அடிபட்ட அன்றே போய்க் காட்டு. எந்தப் பயிற்சி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லி எழுதச் சொல். சாவ்கெங் என்று சொல்பவன் உன் கடிதத்தைப் படிக்க வரமாட்டான். கூட இருந்த இருவருடைய பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்து வை. ஓ.ஆர்.டி. ஆவதற்கு முன் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே. தாய் தகப்பன் சொன்னால் பயந்தாங்கொள்ளிப் பேச்சு, கோட்டுப் போட்ட அண்ணனோ அக்காவோ சொன்னால் அதுவே சட்டம்.

முகாமில் நடந்ததை வெளியே பேசலாமா என்ற தயக்கம் பையன்களுக்கு இருக்கும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்துக் காட்டவும் நீங்கள்தான் வேண்டும். ஒரு முழங்காலைப் பற்றிப் பேச ஆயுதக் கிடங்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

முழுநேரச் சேவை முடிந்தபின் அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சியில் அடிபட்ட முப்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தர்களும் வருவார்கள். பீரங்கிப் படையில் இருந்து, வருடங்கள் கழித்துக் காது இரைகிறது என்று சொல்பவர் ஒருவர் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார். அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. அவருக்கு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்ல உங்களால் முடியும்.

எந்த நாள் என்றும் யோசித்துவிட்டேன். வெள்ளி இரவு வெளியே வருகிறார்கள், சனி மதியம்வரை தூங்குவார்கள், ஞாயிறு இரவு புக் இன், அதாவது முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் அறை கேட்டு வைக்கிறேன். தேநீரும் பயத்தம் பருப்பு உருண்டையும் என் பொறுப்பு. என் மகன் வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். முதல் மாதம் இரண்டு வழக்கறிஞர் வந்தால் போதும்.

வருகிற சனியா, அதற்கு அடுத்த சனியா என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி
ஜூரோங் வெஸ்ட்