அந்தக் கொப்பியை எனக்குத் தாருங்கள்

பிள்ளையின் அப்பாவுக்கு,

பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் திருகோணமலையில் இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஆள் யார், கடை எது என்று விளங்கிவிடும். விளங்கட்டும். நாளைக்குப் பத்திரகாளி கோயிலடியில் என்னை மறித்து, "என்ன பிள்ளை, கடையைப் பிரிக்கிறீங்களாம்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முடிவெடுத்துவிட்டேன். விவாகரத்தோடு எங்கள் வள்ள இஞ்சின் கடையையும் பிரிக்கக் கணக்காளர் போட்ட தொகைக்குக் கையெழுத்து வைக்கிறேன். கடை, பெயர், இருப்பு எல்லாம் உங்களுக்கு. சனம் கடனுக்கு எடுத்த சாமானை எழுதிவைத்த கடன் கொப்பி மட்டும் எனக்கு. கொப்பிக்கு அவர் என்ன பெறுமதி போட்டாரோ, அதை எனக்குத் தரவேண்டிய காசில் கழித்துக்கொள்ளுங்கள்.

அவர் போட்ட பெறுமதி உங்களுக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதெல்லாம் அறவிட முடியாக் கடன், பூச்சியம். அதற்குக் குறைந்த காலம் நிற்பது, வருமோ வராதோ என்ற ஐயக்கடன், பாதி. நீங்கள் தலையாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் ஓட்டம் இல்லாமல் கடனுக்குச் சாமான் எடுத்தவன் சீசனில் மீன் பட்டால்தான் கட்டுவான். ஒரு சீசன் பிழைத்தால் அடுத்ததில் கட்டுவான். மூதூரில் யார் இரண்டு வருடம் கழித்தும் வந்து கட்டுவார், நகரத்துக்குள்ளேயே யார் ஒரு மாதம் போனால் பாதை மாறி நடப்பார் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாது. வசூல் என்றால் நீங்கள் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வீர்கள்.

இருப்பு எடுத்த நாட்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீதிமன்றத்தில் முகம் பாராமல் நின்ற இரண்டு பேரும் கடைக்குள் வந்ததும் எப்படி அப்படி மாறினோம்? நீங்கள் றாக்கைக்கு அடியில் குந்தியிருந்து சொல்ல, நான் எழுத, வருட முடிவில் செய்கிற அதே வேலை. "நாற்பது குதிரைவலு இஞ்சின் இம்பெல்லர், ஒன்பது." எழுதினேன். "கியர் சீல், சின்னது..." நீங்கள் எண்ணி முடிக்க முதலே பேனை எழுதத் தொடங்கிவிட்டது. கணக்காளர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வள்ளத்தைத் தள்ளுகிற அந்த விசிறி வந்தது. முதல் வருடம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மலிவு என்று ஆசைப்பட்டு வாங்கிவந்தீர்களே, புல்மோட்டையிலிருந்து வெருகல் வரைக்கும் ஒரு இஞ்சினுக்கும் பொருந்தாத விசிறி. தூசி தட்டித் தூக்கிக் காட்டினீர்கள். நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். "இதற்கு என்ன போட?" என்று அவர் கேட்டார். "இதை எங்கட கணக்கில போடாதேங்கோ" என்றீர்கள். எங்கட. இந்தச் சொல்லை நீங்கள் விட்டு எவ்வளவு காலம்.

அடுத்த கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் மறக்கவில்லை. கடையில் யாருக்கு என்ன வேலை என்று கேட்டார். "நான் இஞ்சின் பார்க்கிறது. இவ சும்மா கொப்பி எழுதுறவ."

சும்மாதான். அந்தச் சும்மாவுக்கும் அவர் ஒரு தொகை போட்டார், கவனித்தீர்களா? சொந்தக் கடை என்று இரண்டு பேரும் சம்பளம் எடுக்கவில்லை. லாபத்தை வைத்துக் கடைக்கு விலை போடுவதென்றால், வெளி ஆளை வைத்திருந்தால் கொடுத்திருக்கவேண்டிய சம்பளத்தை முதலில் கழிக்கவேண்டுமாம். ஒரு மெக்கானிக்குக் கழித்தார், கணக்கு எழுத ஒரு ஆளுக்குக் கழித்தார். மிஞ்சியது மாத வாடகைக்கே காணாது. இவ்வளவு வருடமும் கடை எங்களுக்கு உழைத்துத் தந்தது என்று நினைத்திருந்தேன். எங்கள் கூலியைத்தான் லாபம் என்று பெட்டியில் போட்டு எண்ணியிருக்கிறோம்.

கடைக்கு இருக்கிற நல்ல பெயருக்கு, அதுதான் நன்மதிப்பு என்பதற்கும், ஒன்றும் இல்லை. சனம் வருவது உங்கள் கைக்காக. கை உங்களோடு போய்விடும், அதைக் கடையின் பெறுமதியில் சேர்க்க முடியாது என்றார். அது நியாயம், நான் வாதாடவில்லை. உங்கள் கை அப்படித்தான். சத்தத்தைக் கேட்டே காபுரேட்டரா பிளக்கா என்று சொல்கிற ஆள் இந்தக் கரையில் எத்தனை பேர்? ஆனால் சாமானை முதலில் கொடுத்துக் காசைப் பிறகு வாங்கினதாலும்தான் அவர்கள் வந்தார்கள். அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

இருப்பைக் கொள்விலையில் போட்டார்கள். கொள்விலை, விற்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு முறை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் டொலர் 200 இலிருந்து 360க்குப் போனது நினைவிருக்கும். அதற்கு முன் வாங்கிய சாமான் இன்னும் மேல் தட்டில் பழைய விலையில் கிடக்கிறது. கடை உங்களுக்கு என்றபடியால் அந்த வித்தியாசமும் உங்களுக்குத்தான். தெரிந்துகொண்டுதான் விடுகிறேன்.

அந்த வருடம் ஓகஸ்ட்டில் வள்ள இஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. யாரிடமும் கேட்கவேண்டாம், கொப்பியை மூடி வை என்று சொன்னது நீங்கள். அந்த நேரம் உங்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்த மனுசனோடுதான் நான் கல்யாணம் செய்திருந்தேன். அந்தப் பக்கங்களைத்தான் இப்போது பூச்சியம் என்று தலையாட்டுகிறீர்கள்.

கணக்காளர் வர முதல் நான் கொப்பியை வீட்டுக்குக் கொண்டு போனது உங்களுக்குக் கோபம். மன்னிக்கவேண்டும் என்றால் மன்னியுங்கள். ஆனால் என்னிடம் வேறு என்ன இருந்தது? வியாபாரப் பதிவு உங்கள் பெயரில். யாழ்ப்பாணத்தார் என்றால் அவர்களின் வழமைச் சட்டமான தேசவழமை, கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தான தேடியதேட்டம் என்று ஏதாவது பேசலாம். எங்களுக்கு அதுவும் இல்லை. பங்கு என்று கேட்டால், ஆயிரம் ரூபாவுக்கு மேல் முதல் போட்ட பங்குத் தொழிலுக்கு எழுத்தில் கையெழுத்து வேண்டுமென்று 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று சொல்கிறதாம். இன்றைக்கு ஆயிரம் ரூபாவுக்கு நல்ல இம்பெல்லர் ஒன்று வராது! புருசனிடம் பத்திரம் எழுதிக் கேட்கவேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் கையில் இருந்தது நகை அடகு வைத்த சீட்டும் என் எழுத்தில் இருந்த கொப்பியும்தான்.

விவாகரத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். ஒருவர்மேல் பிழை சொல்லாமல் எங்கள் சட்டத்தில் அது கிடைக்காது என்பதால் வழக்கில் சிலது எழுதவேண்டி வந்தது. பிள்ளை வளர்ந்து இதை வாசிக்கக்கூடும். அதோடு நிற்கட்டும்.

விவாகரத்தின் முதல் கட்டளை வந்துவிட்டது. அது முடிந்த முடிவாக இன்னும் மூன்று மாதம் வேண்டும். அதற்குள் செய்யவேண்டியது ஒன்றுதான்: கடன்கள் எனக்கு எழுதித் தரப்பட்டன, காசை என்னிடமே கட்டவேண்டும் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம். கடன்பட்டவர்களுக்குக் காட்ட எனக்கு அது தேவை. சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள், நேரே கொண்டுவர வேண்டாம். சோளகக்காற்று முடிய முதல் வந்துசேர வேண்டும். நீர்கொழும்பிலிருந்து சீசனுக்கு மீன்பிடிக்க வந்தவர்கள் கரையில் போட்ட வாடியைக் கலைத்துக்கொண்டு போய்விட்டால், அவர்களின் கடனுக்காக நான் அங்கே பஸ் ஏறமாட்டேன்.