'தொம்' விழும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மயிலாடுதுறையில் 34 ஆண்டுகள் நாட்டியம் சொல்லிக்கொடுத்து, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்து, இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பவள் நான். பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோளை உங்கள் நாளிதழ் வழியாக வைக்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆறு வயதிலிருந்து என்னிடம் அடவு, அதாவது நாட்டியத்தின் அடிப்படை அசைவுகள், பழகியவள். கணினித் திரைக்குள் பன்னிரண்டு ரோபோக்களை இசைக்கு ஆடவைப்பதைத் தன் கல்லூரித் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டாள். மதிப்பீடு செய்ய வந்தவர்கள் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லையாம். "இதனால் யாருக்கு என்ன பயன்? கிடங்கில் பெட்டி எடுக்கும் ரோபோ செய்துகொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். அழுது ஓய்ந்தபிறகு மடிக்கணினியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ஆறுதல் வேண்டாம் அம்மாச்சி, எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

ரோபோ நடனம் என்றதும் பலருக்கு ட்ரோன் காட்சிதான் நினைவுக்கு வரும். 2022 ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் 1000 ட்ரோன்கள் இசையோடு பறந்தன. அழகுதான். ஆனால் அது வானத்தில் போட்ட கோலம். கோலம் முடிந்தபிறகுதான் நாம் அதைப் பார்க்கிறோம். புள்ளிக்குப் புள்ளி கை எப்படிப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. என் பேத்தி எடுத்துக்கொண்ட வேலையே அந்தக் கை போகும் வழியைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 'ரோபோடேரியம்' என்ற ஆய்வுக்கூடம் 2017 முதல் இயங்குகிறது. உலகின் எந்த மூலையிலிருந்தும் மாணவர்கள் காசில்லாமல் பயன்படுத்தலாம். முதலில் நம் கணினியிலேயே பாவனை ரோபோக்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாக ஓடினால் அதே நிரலை அனுப்பலாம், அங்கே 3.2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள மேடையில் கையகல ரோபோக்கள் நிஜமாகவே ஓடும். அந்தப் பாவனை மேடையைத்தான் இவள் திரையில் திறந்து காட்டினாள்.

ஆதி தாளத்தில் ஒரு தீர்மானம், அதாவது ஆட்டத்தின் ஒரு பகுதியை முடித்துவைக்கும் தாளக்கட்டு. நான் தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு, தாளச் சொற்களைக் கோத்த சொற்கட்டுச் சொன்னேன். 'கிடதகதரிகிடதொம்' மூன்று முறை முடிந்து 'தொம்' சமத்தில், தாளச் சுற்றின் முதல் தட்டில், விழுந்தது. ரோபோக்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. மறுபடி சொன்னேன், மறுபடியும் தாமதம். "கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது அம்மாச்சி, சமம் வந்ததும் கட்டளை போய்விடுகிறது" என்றாள். தப்பு அங்கேதான் இருந்தது. சமம் என்பது பாதம் தரையில் விழும் இடம். பாதத்தைத் தூக்குவது அதற்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும். அந்த ரோபோக்களுக்கு இரண்டே சக்கரம். பக்கவாட்டில் நகர முடியாது, முதலில் திரும்பி, பிறகுதான் போக முடியும். திரும்புவதற்கான நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே கட்டளை கொடு என்றேன். இரவு பதினோரு மணிக்கு 'தொம்' என்ற சொல்லோடு பன்னிரண்டும் ஒன்றாக வந்து நின்றன. இருவருக்கும் பேச்சே வரவில்லை.

துரிதமான மூன்றாம் காலத்தில் வேறொரு சிக்கல். அந்த ரோபோவின் உச்ச வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர். கால் நொடிக்கு ஓர் அடி என்றால் 5 சென்டிமீட்டர்தான் நகரும். "வேகம் போதவில்லை" என்று அவள் சோர்ந்துபோனாள். நம் பெண்கள் மட்டும் மூன்றாம் காலத்தில் மேடை முழுக்க ஓடுகிறார்களா? வீச்சைக் குறைத்து, அடவை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். ரோபோவையும் இருந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் சிறிதாகத் திரும்பச் சொன்னோம். ஓடியபோது தெரியாத துரிதம் அப்போது தெரிந்தது.

கார்வைதான், தாளத்துக்கு நடுவே விடும் இடைவெளிதான், இன்னும் சரிவரவில்லை. வேகம் பூஜ்யம் என்று எழுதினால் மின்சாரம் போனதுபோல் நின்றுவிடுகின்றன. நிற்பதற்கும் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படி எழுதுவது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

"கலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பறவைக் கூட்டம் பறப்பதைக் கணினியில் காட்ட 1986-ல் கணினி வரைகலை நிபுணர் கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதிகள் வகுத்தார்: பக்கத்தில் இருப்பவரோடு மோதாதே, அவர்கள் போகும் திசையில் போ, கூட்டத்தைவிட்டு விலகாதே. குழு நடனத்தில் நான் இத்தனை ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்ததும் இதைத்தான். ரோபோக் கூட்டம் தன் அசைவால் உணர்ச்சியைக் காட்ட முடியுமா என்று அதே ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மகிழ்ச்சி, வியப்பு, கோபம், பயம், அருவருப்பு, சோகம் என ஆறை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். உவகை, மருட்கை, வெகுளி, அச்சம், இளிவரல், அழுகை என்று இந்த ஆறும், உணர்ச்சிகள் உடம்பில் தெரிவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் எட்டில் அப்படியே இருக்கின்றன. மிச்சம் நகையும் பெருமிதமும். பன்னிரண்டு சக்கரப் பெட்டிகள் பெருமிதத்தை எப்படிக் காட்டும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் யோசிக்கட்டுமே!

கல்லூரிகள் இப்படிப்பட்ட திட்டப்பணிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது. மதிப்பீட்டுக் குழுவில் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் ஒரு மிருதங்க வித்வானையோ நட்டுவனாரையோ உட்காரவையுங்கள். அரை மணி நேரம் போதும். எந்த ரோபோ சமத்தைத் தவறவிட்டது என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டு, திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

என் பேத்தி அடுத்த மாதம் அதே பணியை மீண்டும் சமர்ப்பிக்கிறாள். கூட வந்து சொற்கட்டுச் சொல்ல எனக்கு அனுமதி கேட்டுக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாட்டிய ஆசிரியை,
மயிலாடுதுறை.