கம்மி சாப்பிட்டா காட்டுமா மாமா?

அன்புள்ள மருமகனே,

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய வாட்ஸாப் படத்தை மறுநாள் காலை லேபில் கோட் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சிவப்பும் பச்சையுமாகக் கரடிக்குட்டி வடிவத்தில், இங்கே 'கம்மி' என்கிற மிட்டாய். நம்மூர்ப் பெட்டிக்கடை ஜெல்லி மிட்டாய்க்கும் அதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மூலையில் மட்டும் பொடி எழுத்தில், ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் சரக்கு. கீழே, அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பைப் பற்றி உன் கேள்வி: "மாமா, இது சாப்பிட்டா டெஸ்ட்ல காட்டுமா? என்சிஏஏ லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னு ரூம்மேட் சொல்றானே?"

"காட்டும்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். நீயும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டாய். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. போனில் சொன்னால் திட்டுவது போல ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் பொதுவில் போடுகிறேன்; உன் பெயரோ காலேஜ் பெயரோ இதில் கிடையாது. உன்னை மாதிரி ஸ்காலர்ஷிப்பில் டென்னிஸ் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேராவது படிக்கட்டும்.

உன் மேல் கோபமெல்லாம் இல்லை. வாயில் போட்டுக்கொண்டு அப்புறம் கேட்காமல், போடுவதற்கு முன்னால் கேட்டாயே, அதற்கே உனக்கு ஒரு பிரியாணி கடன்பட்டிருக்கிறேன்.

உன் ரூம்மேட் சொன்னது பொய் இல்லை. 2024 ஜூன் 25 அன்று என்சிஏஏவின் முதல் பிரிவு கவுன்சில் கஞ்சா வகைகளைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அன்றைக்குத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதோடு முடிந்தது. இது ஆட்டத்திறனைக் கூட்டும் பொருள் அல்ல; தண்டிப்பதைவிடப் பாதிப்பைக் குறைப்பதே சரி என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அதில் சந்தோஷமே. அதற்கு முன்னால் இருந்த விதி அவ்வளவு அபத்தமானது.

யோசித்துப் பார். இந்தச் சோதனை 1986-இலிருந்து நடக்கிறது. 2014 வரைக்கும் கஞ்சாவில் சிக்கினாலும் ஸ்டீராய்டில் சிக்கினாலும் ஒரே தண்டனைதான், ஒரு முழு சீசன். உங்களுக்கு ஆடக் கிடைப்பதே நாலு சீசன். ஒரு பார்ட்டியில் இழுத்த இழுப்புக்குக் கால்வாசி காலேஜ் ஆட்டம் காலி. 2014 ஆகஸ்டில் அதைப் பாதி சீசனாகக் குறைத்தார்கள். 2022 பிப்ரவரியில், சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவைத் தாண்டினால் சிக்கினாய் என்ற வரம்பை 35 நானோகிராமிலிருந்து 150-க்கு உயர்த்தினார்கள். அப்புறம் 2024-இல் மொத்தமாக எடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் மது யாருக்குத் தடை தெரியுமா? துப்பாக்கி சுடும் அணிக்கு மட்டும்! மற்றவர்கள் சனிக்கிழமை ராத்திரி மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூத்திரம் கொடுத்தால் ஒரு கேள்வியும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. இப்போது என்சிஏஏவின் தலைவராக இருக்கும் சார்லி பேக்கர், 2016-இல் மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்தபோது அங்கே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் வாக்கெடுப்பை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். வாக்கெடுப்பில் தோற்றார். எட்டு வருஷம் கழித்து அவர் தலைமையில் இருக்கும் அமைப்பே பட்டியலிலிருந்து அதை எடுத்தது. காலம் யாரை எங்கே கொண்டுபோய் உட்காரவைக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். நான் பார்ப்பது விளையாட்டு லேப் இல்லை, சாதாரண நச்சியல் லேப்தான். ஆனாலும் கப்புக்குள் இருக்கும் சரக்கு ஒன்றுதானே. நாங்கள் தேடுவது போதையை இல்லை. டிஎச்சி உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை உடைத்து கார்பாக்ஸி டிஎச்சி என்று ஒன்றாக மாற்றுகிறது. போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இந்த மிச்சம் இறங்காது. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் கசியும். எப்போதோ ஒரு தடவை தொட்டவனுக்குச் சில நாள். தினமும் பிடிப்பவனுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயும் போகும். வாணலியை எத்தனை தடவை தேய்த்தாலும் கருவாட்டு வாசனை நிற்குமே, அந்த மாதிரி.

ஆகவே "நான் ஆடும்போது போதையில் இல்லையே" என்று யாராவது வாதாடினால் மெஷினுக்குக் காது கேட்காது. முதலில் ஒரு வடிகட்டுச் சோதனை, அதில் தேறாததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றி உறுதி செய்வது, இவ்வளவுதான் எங்கள் கையில் இருப்பது. அந்த எண் உன் நேற்றைச் சொல்லும், போன வாரத்தைச் சொல்லும். இந்த நிமிஷம் நீ எப்படி இருக்கிறாய் என்று சொல்லாது. பழைய விதியை அபத்தம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆட்டக்களத்தில் நடக்காத ஒன்றுக்கு ஆட்டக்களத்தில் தண்டனை.

ஆனால் மாப்ளே, விதி அபத்தம் என்பதும் விதி போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. என்சிஏஏ எடுத்தது சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் சீசன் முடிந்து வரும் அமெரிக்க ஃபுட்பால் போட்டிகளிலும் தான் நடத்திய சோதனையிலிருந்து. உன் காலேஜ் தனியாக நடத்தும் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு காலேஜும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு இடத்தில் முதல் தடவை கவுன்சலிங்கோடு விட்டுவிடுவார்கள். இன்னொரு இடத்தில் மேட்ச்சில் உட்காரவைப்பார்கள். வரம்பும் அவர்கள் வைத்ததுதான். அமெரிக்க அரசு வேலைக்கான சோதனையில் உறுதி செய்யும் வரம்பு வெறும் 15 நானோகிராம். உன் காலேஜ் எந்த எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறது? உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகஸ்டில் முதல் நாள் ஒரு கட்டுக் காகிதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டாயே, அதில் இருக்கும். எடுத்துப் படி.

அப்புறம் கோடை விடுமுறை. மே முடிந்ததும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் போட்டிகள் ஆடப்போகிறேன் என்றாய். அங்கே என்சிஏஏ இல்லை, உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் பட்டியல். அதில் கஞ்சா இன்னும் இருக்கிறது, போட்டிக்காலத் தடையாக. போட்டிக்காலம் என்பது மேட்ச்சுக்கு முந்தைய ராத்திரி 11:59-க்கே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் சாப்பிட்டதாக இருந்தாலும், அன்றைக்குச் சிறுநீரில் 150-ஐத் தாண்டினால் தாண்டியதுதான். போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்தேன் என்று நிரூபித்தால் தண்டனை மூன்று மாதம். அதோடு சிகிச்சைத் திட்டம் ஒன்றையும் முடித்தால் ஒரு மாதம்.

ஒரு மாதம்தானே என்று தோன்றும். ஷகாரி ரிச்சர்ட்சனுக்கும் ஒரு மாதம்தான். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷமே, 2019-இல், என்சிஏஏ 100 மீட்டரை 10.75 விநாடியில் ஜெயித்த பெண். 2021 ஜூனில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்காக யூஜீன் போயிருந்தார். பெற்ற தாய் இறந்துவிட்டார் என்ற செய்தியை அங்கே ஒரு நிருபர் வாயிலாகக் கேள்விப்பட்டார். கஞ்சா புகைத்தார். ஒரிகானில் அது சட்டப்படி குற்றமே இல்லை. 10.86-இல் பந்தயத்தை ஜெயித்தார், சோதனையில் சிக்கினார். டோக்கியோ தடகளம் தொடங்குவதற்கு முன்பே அந்த ஒரு மாதம் முடிந்துவிட்டது. ஆனால் தேர்வுப் போட்டியின் முடிவு அழிந்துவிட்டதே! 100 மீட்டர் ஓட இடமில்லை. ரிலே அணியிலும் சேர்க்கவில்லை. 2023-இல் உலக சாம்பியன் ஆனார், 2024 பாரிஸில் ரிலே தங்கமும் 100 மீட்டர் வெள்ளியும் வாங்கினார். அவருக்கு அது வாய்த்தது.

அதே காலேஜின் ஃபுட்பால் அணியில் டைரன் மத்தியூ இருந்தார். 2011-இல், காலேஜ் ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருதின் இறுதிப்பட்டியல் வரை போனவர். அடுத்த ஆகஸ்டில் அணியைவிட்டே நீக்கினார்கள். அக்டோபரில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதும் ஆனார். ஆனாலும் 2013-இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் அரிசோனா அணி மூன்றாவது சுற்றில் எடுத்தது. பிற்பாடு கன்சாஸ் சிட்டி அணியோடு, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலையும் ஜெயித்தார்.

இந்த இரண்டு கதையும் இங்கே எல்லோரும் நம்பிக்கைக்காகச் சொல்வது. விழுந்தார்கள், எழுந்தார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. இரண்டு பேரும் அமெரிக்கர்கள். தடை, நீக்கம், கைது எதற்குப் பிறகும் அவர்கள் அதே நாட்டில், அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். திரும்ப ஓடிப் பழக மைதானம் இருந்தது.

உனக்கு இருப்பது எஃப்-1 மாணவர் விசா.

சென்னையில் விசா இன்டர்வியூவுக்கு முன்னால் டிஎஸ்-160 படிவத்தை நீயும் உன் அப்பாவும் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து நிரப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மூன்று தடவை போன் வந்தது. அதில் ஒரு கேள்வி, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் சட்டம் எதையாவது எப்போதாவது மீறியிருக்கிறாயா என்று. "இதெல்லாமா கேட்பாங்க" என்று சிரித்துக்கொண்டே இல்லை என்று அழுத்தினாய். அந்தக் கேள்வி மறுபடி வரும். விசா புதுப்பிக்கும்போது வரும். நாளைக்கு கிரீன் கார்டுக்குப் போனால் மருத்துவப் பரிசோதனையிலும் வரும். வழக்கு, தீர்ப்பு எதுவும் வேண்டாம். ஆமாம் சாப்பிட்டேன் என்று நீயே ஒப்புக்கொள்வது மட்டுமே கதவைச் சாத்தப் போதும். இல்லை என்று பொய் சொன்னால் அது வேறு குற்றம்.

24 மாநிலங்களில் அது சட்டப்படி செல்லும், பெரும்பாலானவற்றில் கடை போட்டே விற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் குடியேற்றத்தைப் பார்ப்பது மாநிலம் இல்லை, மத்திய அரசு. அந்தச் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். போதாததற்கு, அந்த மாநிலங்களிலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். உனக்கு 19. மத்திய அரசின் நிதி வாங்கும் காலேஜ் எதுவும் வளாகத்துக்குள் அதை அனுமதிக்கவும் முடியாது.

காலேஜ் சோதனையில் சிக்குவது போலீஸ் வழக்கு இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதம் நேராகக் குடியேற்ற அதிகாரி மேஜைக்குப் போகாது. சுற்றி வளைத்துத்தான் வரும். அணியிலிருந்து நீக்கம், ஸ்காலர்ஷிப் வெட்டு, அடுத்த செமஸ்டருக்குப் பணம் இல்லை, முழுநேரப் படிப்பு நிற்கிறது. எஃப்-1 நிற்பதே முழுநேரப் படிப்பின் மேல்தான். 2025 ஏப்ரலில் சின்னச் சின்ன விஷயங்களுக்குக்கூட வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவு, அதாவது அவர்களைக் கண்காணிக்கும் அரசுப் பதிவேட்டில் இருக்கும் பதிவு, ரத்தாகி, அவர்கள் கோர்ட்டுக்குப் போய் மீட்டார்களே, நியூஸில் பார்த்திருப்பாய். வக்கீலுக்கு இங்கே மணிக் கணக்கில் காசு.

இது அநியாயம்தான். அதே மிட்டாயை அதே அறையில் இரண்டு பேர் சாப்பிட்டால், உன் ரூம்மேட்டுக்கு இரண்டு மேட்ச் பெஞ்ச், உனக்கு மதுரைக்கு டிக்கெட். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு உன் பாஸ்போர்ட் பற்றி யோசிக்கத் தேவையே வந்ததில்லை. அவனிடம் கோபித்துக்கொள்ளாதே, "விசா பிரச்சினை" என்று சொல், அமெரிக்கப் பையன்களுக்கு அது போதும், மேலே கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. அந்தக் கேள்வியை ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னாயாம். தூக்கத்துக்காகத்தான் அவன் நீட்டினான் என்றால், அணியின் டிரெயினரிடம் போ. வலிக்கு என்ன எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று பட்டியல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. பெட்ரோல் பங்க்கில் விற்கும், கஞ்சாச் செடி வகையிலிருந்தே எடுக்கும் சிபிடி எண்ணெய், ஹெம்ப் மிட்டாய் எல்லாம் வேண்டாம். டிஎச்சி இல்லை என்று லேபிளில் போட்டிருப்பான், உள்ளே இருக்கும். லேபிளை வைத்து மேல்முறையீட்டில் தப்பிக்க முடியாது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குக் கஞ்சா என்றால் டிவியில் முகத்தை மூடிக் கூட்டிப்போகும் ஆட்கள்தான். கம்மி, கரடிக்குட்டி என்றெல்லாம் விளக்கப்போனால் அடுத்த ஃபிளைட்டில் வந்து இறங்கிவிடுவாள். அவள் வலைப்பூ படிப்பதில்லை. உன் சித்தி படிப்பாள், அதை மட்டும் யோசித்துக்கொள்.

சனிக்கிழமை டபுள்ஸ் முடிந்ததும் கூப்பிடு. இட்லிப் பொடி பார்சல் திங்கட்கிழமை வந்துவிடும். வேறு யாராவது பிரிப்பதற்குள் நீயே போய் வாங்கிக்கொள், போன தடவை மாதிரி பாதி டப்பா காணாமல் போகப்போகிறது.

அன்புடன்,
மாமா