இசைக்காரரை நோக்கி ஆடும் ஆட்டம்

புடாபெஸ்ட்,
மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அரங்கில் அப்படி என்னதான் வேலை என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் ‘ஒலியமைப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். நாற்பது வருடமாகத் தவில் வாசிக்கும் உங்களுக்கு அந்தப் பதில் போதாது என்று பிறகு மனம் உறுத்தியதால் விரிவாக எழுதுகிறேன்.

ஹங்கேரியக் கிராம ஆட்டங்களை இன்றைய மேடைக்குரிய ஒளியோடும் திரைக்காட்சியோடும் சேர்த்து அமைத்த ஒரு நிகழ்ச்சிக்கு இப்போது ஒத்திகை நடக்கிறது. அதன் உயிர்நாடி லெகேனியெஷ் என்னும் ஆண்களின் ஆட்டம். கலோதாஸெக் வட்டார ஹங்கேரியர்கள் இதில் பேர்போனவர்கள். அந்த வட்டாரம் 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ருமேனியாவுக்குப் போய்விட்டது. ஆடுகிறவர் விரல்களைச் சொடுக்குவார், எகிறிக் குதிப்பார், உயர்த்திய காலின் பூட்ஸில் உள்ளங்கையால் அறைவார். ஊரில் அவர் ஆடுவது கூட்டத்தைப் பார்த்து அன்று, வாத்தியக்காரர்களைப் பார்த்து. ப்ரீமாஷ் என்று அழைக்கப்படும் முதல் வயலின்காரரும் அவருடைய காலிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் வரும் நேரத்தில் நீங்கள் நாகசுரக்காரரின் முகத்தைப் பார்ப்பீர்களே, அதே பார்வைதான்.

இந்தக் குழுவில் தோல் வாத்தியமே கிடையாது என்றால் நம்புவீர்களா? வயலின், பிராச்சா, வில்லால் வாசிக்கும் பெரிய பாஸ், அவ்வளவுதான். பிராச்சா என்பது மூன்றே தந்திகள் கொண்ட வயோலா. தந்திகளைத் தாங்கும் அதன் குதிரை வளைவில்லாமல் தட்டையாக இருப்பதால், வில்லை ஒரு முறை இழுத்தாலே மூன்று தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும். அந்த இழுப்பும் பாஸின் அழுத்தமும்தான் தாளத்தைத் தாங்குகின்றன. மிச்சத்தை ஆட்டக்காரரின் காலும் கையும் பார்த்துக்கொள்கின்றன. முதல் ஒத்திகையில் இது புரியாமல், தரையிலிருந்து வந்த சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டி எடுத்துவிட்டேன். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இறங்கி வந்து, என் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், பாஸுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஆடிக் காட்டினார். பலகை வழியாக என் முழங்கால் வரை அதிர்வு ஏறியது. அன்றிலிருந்து மேடை விளிம்பில் ரப்பர் துண்டுகளின் மேல் மூன்று மைக்குகளைப் படுக்க வைத்து, பாதங்களையும் ஒரு வாத்தியமாகவே சேர்த்துக்கொள்கிறேன்.

கிராமத்து ஆட்டத்தை மேடையேற்றுவது இங்கே புதிதன்று. இசையமைப்பாளர்கள் பார்ட்டோக்கும் கோடாயும் ஊர் ஊராகச் சென்று மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிவுசெய்தது போன நூற்றாண்டின் தொடக்கத்தில். 1951இல் அமைந்த அரசு நாட்டுப்புறக் கலைக்குழு, அன்றைய சோவியத் முறையை ஒட்டிப் பெரிய இசைக்குழுவோடு எல்லாரும் ஒரே அசைவில் ஆடும்படி அமைத்தது. பார்க்கப் பிரமாண்டம்தான், ஆனால் தனி ஒருவர் அந்த நொடியில் கற்பனை செய்ய அதில் அதிக இடமில்லை. அந்த இடத்தை மீட்டது 1972 மே 6 அன்று புடாபெஸ்ட்டில் கூடிய முதல் ‘தான்ட்ஸ்ஹாஸ்’, அதாவது ஆட்ட வீடு. ஷெபோவும் ஹால்மோஷும் வாசிக்க, ஸேக் என்ற திரான்சில்வேனியக் கிராமத்தின் வழக்கப்படி, வேடிக்கை பார்க்க அல்லாமல் தாங்களே ஆடுவதற்காக நகரத்து இளைஞர்கள் கூடினார்கள். கிராமத்து ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து, ஒவ்வோர் அசைவையும் குறியீட்டில் எழுதிவைத்த மார்ட்டின் என்ற ஆய்வாளரின் உழைப்பு அதற்குத் துணை நின்றது. ஆட்டத்தைத் தாய்மொழி போலப் பழக வேண்டும் என்று சொன்ன நடன ஆசிரியர் திமார், 1981இல் அந்த அரசுக் குழுவுக்கே தலைமை ஏற்றார். ஆட்ட வீட்டின் கற்பிக்கும் முறையை 2011இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நானும் வாரம் ஒரு மாலை அப்படி ஒரு கூடத்துக்குப் போய்ச் சார்தாஷ் என்னும் ஜோடி ஆட்டம் பழகுகிறேன்.

எங்கள் நிகழ்ச்சியில் இயக்குநர் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூன்று வாத்தியக்காரர்களையும் மேடையின் நடுவில், பின்பக்கமாக அமர்த்திவிட்டார். ஆட்டக்காரர் ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி, ஊரில் ஆடுவது போலவே அவர்களைப் பார்த்து ஆடுகிறார். வயலின்காரரின் காலடியில் உள்ள கேமரா ஆட்டக்காரரைப் படம்பிடித்துப் பின்திரையில் காட்டுவதால், ப்ரீமாஷ் காண்பதை அரங்கம் முழுவதும் காண்கிறது. லெகேனியெஷின் ஒவ்வொரு பகுதிக்கும் புள்ளி என்றே பெயர். நம் தீர்மானம் போல அதை முடித்துவைக்கும் அடவும் உண்டு. அன்றைக்கு எத்தனை புள்ளி ஆடுவது என்பது ஆடுகிறவரின் விருப்பம். ஆகவே விளக்கைக் கடிகாரத்துக்குக் கட்டிவைக்க முடியாது. விளக்கு இயக்கும் பெண்ணும் நானும் அந்த முடிப்பு அடவுக்காகக் கண் இமைக்காமல் காத்திருக்கிறோம். மேடை ஆட்டத்துக்குப் பணிய வேண்டும், ஆட்டம் மேடைக்கு அன்று என்பதை நான் இங்கேதான் கண்ணால் கண்டேன்.

நேற்றைய ஒத்திகையின் பதிவைத் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். மூன்றாவது புள்ளியில் கால் சற்றுப் பின்தங்குவது போல இருக்கும். பிராச்சா அவருக்காகக் காத்திருக்கிறதா, அவரை முன்னே தள்ளுகிறதா என்று உங்கள் காதுக்குப் பட்டதை எழுதுங்கள். அதை வைத்துத்தான் வெள்ளிக்கிழமை அந்த மைக்கின் அளவை முடிவுசெய்யப்போகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகன்