துர்துக் ஒரு வரியில் முடிகிற ஊர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த லடாக் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஆப்ரிகாட் தோட்டம், ஷயோக் ஆறு, படங்கள் எல்லாம் அருமை. ஆனால் அங்கே இந்தியா-பாகிஸ்தான் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி இருக்கிற துர்துக்கை மட்டும் 'பாகிஸ்தானிடமிருந்து நாம் மீட்ட கிராமம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நானும் அங்கே இரண்டு நாள் தங்கியவன். அந்த ஊர்ப் பெரியவர்கள் வெற்றியைப் பற்றிப் பேசியதைவிட, திரும்பி வராதவர்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

1947 வரை அது காஷ்மீர் மகாராஜாவின் ஆளுகையில் இருந்த பால்டி மக்களின் (பால்டி மொழி பேசுகிறவர்கள்) ஊர். அடுத்து நடந்த சண்டையில் பாகிஸ்தான் வசம் போய்விட்டது. 1971 டிசம்பரில் மேஜர் செவாங் ரின்சென் (அவரும் பக்கத்தில் லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்குக்காரர்தான்) தலைமையில் வந்த இந்தியப் படை சலுங்கா, துர்துக், தியாக்‌ஷி, தாங் என நான்கு ஊர்களையும் பிடித்தது. அந்தப் போரில் பஞ்சாப், சிந்து பக்கம் பிடித்த இடங்களை இந்தியா பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டதே, இதை மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். 1972 சிம்லா ஒப்பந்தப்படி காஷ்மீரில் மட்டும், 1971 டிசம்பர் 17 அன்று யார் எங்கே நின்றார்களோ அதுவே கட்டுப்பாட்டுக் கோடு ஆனது. கட்டுரையில் 'சர்வதேச எல்லை' என்று இருப்பது தவறு, தயவுசெய்து திருத்துங்கள்.

சரி, ஊர் நாடு மாறியபோது வேலைக்கும் படிப்புக்கும் பாகிஸ்தான் வசம் இருக்கிற ஸ்கர்டு நகரத்துப் பக்கம் போயிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அங்கேயே நின்றுவிட்டார்கள். புருஷன் அந்தப் பக்கம், பெண்டாட்டி பிள்ளைகள் இந்தப் பக்கம். அதே பள்ளத்தாக்கில் கீழே இருக்கிற ஊருக்குப் போக பாஸ்போர்ட், விசா எல்லாம் வாங்கி, லடாக்கை விட்டு இறங்கி, பஞ்சாபில் வாகா எல்லை வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது, அதுவும் இரண்டு நாடுகளும் சுமுகமாக இருந்தால்தான்; 2025-இல் அந்த வழியும் மூடப்பட்டுவிட்டது. ஆப்ரிகாட் விற்றுப் பிழைக்கிறவர்களில் எத்தனை பேரால் அது முடிந்திருக்கும்?

'இதுவரை யாரும் கண்டுகொள்ளாத சொர்க்கம்' என்ற வரியும் எரிச்சலைத்தான் தந்தது. கண்டுகொள்ளாமல் இல்லை ஐயா, 2010 வரை வெளியாட்களுக்கு அங்கே போக அனுமதியே கிடையாது!

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது அங்கே தங்கிய வீட்டுக்காரர்கள் சொன்னதையும் கொஞ்சம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்