கூத்து ராசாவைப் பகிடிக்கு ஆளாக்கும் விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொஞ்ச நாளாக இரவு நாடகங்களுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் விளம்பரம் போகிறது, உங்கள் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். கிரீடமும் விரிந்து நிற்கிற கரப்புடுப்பும் போட்ட ஒரு கூத்து ராசா அலுவலகம் ஒன்றுக்குள் குதித்துக் குதித்து வருகிறார், பசியில் தள்ளாடுகிறார், கிரீடம் சரிந்து கண்ணை மறைக்க மேசையில் மோதி விழுகிறார், சுற்றி நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒரு பெண் பிஸ்கட்டை நீட்டியதும் அவர் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஜீன்ஸ் போட்ட ஆளாக மாறிவிடுகிறார். முதல் நாள் பார்த்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நான் பிறந்தது மட்டக்களப்புப் பக்கம், இருப்பது வெள்ளவத்தையில். என் மாமா, அம்மாவின் தமையன், வடமோடி என்ற வகைக் கூத்து ஆடியவர். பகல் முழுக்க வயல், இரவில் கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியாரிடம் பழக்கம், அதுவும் மாதக்கணக்கில். ஆட்டம் பிடிபட்ட பிறகுதான் சதங்கை அணி விழா, அரங்கேற்றம் அதற்கும் பிறகு. சதங்கை தோலை வெட்டாமல் இருக்கக் கணுக்காலில் பழஞ்சீலைத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார், அப்படியிருந்தும் விடியும்போது சீலையில் இரத்தம் பட்டிருக்கும். கிரீடமும் உடுப்புமாக அவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு, வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி வருகிறபோது மத்தளத்தின் ஒவ்வொரு அடிக்கும் அவர் கால் விழும், ஒரு இடத்தில் பிசகினாலும் அண்ணாவியார் சபையில் வைத்தே முறைப்பார். விளம்பரத்தில் வருகிறவருக்கோ ஒரு மிதிகூட ஒழுங்காக விழவில்லை. மத்தளம் கேட்க வேண்டிய இடத்தில் கீபோர்டில் ஏதோ கோணல் சத்தம். தாளக்கட்டுத் தெரிந்த ஒருவரைக்கூட அவர்கள் படப்பிடிப்புக்குக் கூப்பிடவில்லை என்பது பார்த்த உடனேயே தெரிகிறது.

சும்மா பகிடிதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். சரி, கூத்தில் பகிடி இல்லையா? மகிடிக் கூத்தில் மந்திரவாதிகள் ஒருவரை ஒருவர் மடக்கப் போடுகிற போட்டியைப் பார்த்து ஊரே வயிறு நோகச் சிரிக்கும். அங்கே சிரிக்க வைக்கிறவர் கூத்துக்காரர், எங்கே சிரிப்பு வர வேண்டும், எங்கே அழுகை வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இந்த விளம்பரத்தில் அவரே இல்லை, அவருடைய உடுப்பை யாரோ மாட்டிக்கொண்டு விழுகிறார்கள்.

இதன் பலனையும் நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அண்மையில் இங்கே ஒரு பாடசாலை விழாவில் பிள்ளைகள் கூத்து ஆடினார்கள். போர்க்களத்தில் அபிமன்யு தனியாக அகப்பட்டுக்கொள்கிற இடம். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை “பிஸ்கட் மாமா!” என்று கத்த, வரிசை முழுக்கச் சிரித்தது. மேடையில் நின்ற பெடியனின் முகம் அப்படியே சுருங்கிப் போய்விட்டது. அந்தப் பிள்ளையில் குற்றமில்லை, கொழும்பில் வளர்கிற பிள்ளைக்குக் கூத்து என்று முதலில் காட்டப்பட்டதே அதுதான். மலையகத்துக் காமன் கூத்தில் அடிக்கிற தப்பு மேளத்தைச் சிரிப்புக் காட்சிக்குப் பின்னணியில் போடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடையேற்றியபோது ஊர் அண்ணாவியாரை அழைத்துத்தான் மாணவர்களைப் பழக்கினார். கையில் அவ்வளவு பணம் வைத்திருக்கிற விளம்பரக்காரர்களுக்கு ஒரு அண்ணாவியாருக்கு பஸ் காசும் சம்பளமும் கொடுத்துக் கூப்பிட முடியாதா? மரியாதையை விடுங்கள், சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. வியாபாரத்துக்காகவோ வழமையான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்த அனுமதி வேண்டும், எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விளம்பரத்துக்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள், ஒளிபரப்புகிற தொலைக்காட்சிகள் அதை விசாரித்தனவா என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுதினால் நல்லது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இதழில் சினிமாவுக்கு ஒதுக்குகிற பக்கங்களில் மாதம் ஒன்றையாவது அண்ணாவியார்மாருக்குக் கொடுங்கள். இந்த விளம்பரத்தைப் பற்றி அவர்களிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06