வோல்கா முகத்துவாரத்தில் ஓர் இந்திய முற்றம்: அஸ்த்ரகான் நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள சீனியர்களுக்கும் ஜூனியர்களுக்கும், அஸ்த்ரகானை வரைபடத்தில்கூடப் பார்த்திராத நண்பர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். ரஷ்யாவின் தெற்கே, வோல்கா ஆறு காஸ்பியன் கடலில் சேரும் இடத்தில் இருக்கிற அஸ்த்ரகான் நகரத்தின் வரலாற்றைத் தமிழில் ஒரு நூலாகக் கொண்டுவர 4,20,000 ரூபாய் தேவைப்படுகிறது. நாங்கள் எட்டுப் பேர் கைப்பணம் போட்டு 1,35,000 சேர்த்திருக்கிறோம். மீதி 2,85,000 ரூபாய்க்குத்தான் இந்தக் கடிதம்.

டாக்டர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. நாங்கள் எல்லோரும் அந்த ஊரில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவர்கள். மைனஸ் குளிரில் உறைந்த வோல்காவின் மேல் நடந்திருக்கிறோம். வோப்லா என்கிற உப்புக் கருவாட்டை மேசை விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, தோலை உரித்துத் தின்னப் பழகியிருக்கிறோம். விடுதியில் அந்த வாடைக்குப் பக்கத்து அறை ரஷ்யப் பையன்கள் முகம் சுளிக்கவே இல்லை. எங்கள் சாம்பார்ப் பொடிக்குத்தான் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் அந்த ஊர் எப்படி உண்டாயிற்று, யார் யார் அங்கே வந்து கடை போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அனாட்டமி, பார்மகாலஜி, அப்புறம் ஊர் திரும்பி எழுத வேண்டிய ஸ்கிரீனிங் டெஸ்ட். தலைக்குள் வேறெதற்கும் இடமில்லை.

கடைசி வருஷம் தர்பூசணி வாங்கப் போன இடத்தில் ஒரு பாட்டி, "நீ இந்தியாவா? உங்கள் ஆட்களுக்கு இங்கே ஒரு முற்றமே இருந்ததே!" என்றார். எங்களில் ஒருவர் அது ஏதோ ஹோட்டல் பெயர் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தார். அது ஹோட்டல் இல்லை என்று தெரிய அவருக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

அந்த முற்றத்தின் கதைதான் நூலின் நடுப்பகுதி. 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே இந்திய வணிகர்கள் காஸ்பியன் கடலைத் தாண்டி அஸ்த்ரகானுக்கு வந்துவிட்டார்கள். 1649இல் அவர்களுக்கென்று தனி வணிக முற்றம் அமைந்தது. உள்ளே கடைகள், சரக்கறைகள், தங்கும் அறைகள், சாமி கும்பிட ஓர் இடம். ஆர்மீனியர்களும் பாரசீகர்களும் புகாராக்காரர்களும் இதேபோலத் தனித்தனி முற்றங்களில் இருந்தார்கள். இந்தியர்கள் பெரும்பாலும் முல்தான், சிந்து, பஞ்சாப், மார்வார் பக்கத்தவர்கள். அதனால் ரஷ்ய ஆவணங்களில் முல்தான் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. துணியும் பட்டும் சாயமும் கொண்டுவந்து விற்றார்கள்; தோலும் விலங்குகளின் உரோமத் தோலும் வாங்கிப் போனார்கள். அதைவிட முக்கியமாக வட்டிக்குக் கொடுத்தார்கள். கையில் காசில்லாத தாத்தாரியக் குடியானவனும் (தாத்தாரியர்கள் அந்தப் பக்கத்துத் துருக்கிய மொழி பேசும் மக்கள்) சரக்கு வாங்கப் பணமில்லாத ரஷ்யச் சிறு வியாபாரியும் இவர்களிடம்தான் வந்து நின்றார்கள்.

எண்ணிக்கையில் இவர்கள் எந்தக் காலத்திலும் அதிகம் இல்லை. பெண்டு பிள்ளைகளை அழைத்து வரவும் இல்லை. சிலர் அங்கேயே தாத்தாரியப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய வாரிசுகளுக்கு அக்ரிஜான் என்று தனிப்பெயரே உண்டு. அந்தச் சமூகம் மெல்ல மெல்லத் தாத்தாரியர்களோடு கலந்துவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மார்வாரி பராயெவ் என்று ஒரு பெரும் வணிகர் இருந்திருக்கிறார். மார்வாரி என்பது எப்போது ஆள்பெயர் ஆயிற்று, பராயெவ் என்ற ரஷ்ய வால் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதையெல்லாம் நினைத்துப் பார்த்தாலே ஒரு வாழ்க்கை தெரிகிறது. 1790களில் அங்கே வந்த பல்லாஸ் என்ற இயற்கை ஆய்வாளர், முற்றத்தில் நடந்த மாலை வழிபாட்டை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அப்போதே கூட்டம் தேய ஆரம்பித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டு பிறந்து சில பத்து ஆண்டுகளில் முற்றம் வெறும் பெயராகிவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இவர்கள் தமிழர்கள் அல்லர். "எங்கேயாவது ஒரு தமிழ் வணிகனை நுழைத்துவிடுங்கள், நன்கொடை நன்றாக வரும்" என்று ஒரு நண்பர் அக்கறையோடு யோசனை சொன்னார். மாட்டோம். அந்த ஊரின் கதை அப்படியே சொன்னாலே தாங்கும்.

அஸ்த்ரகானுக்குப் பழைய பெயர் ஹாஜி தர்கான். 1330களில் அங்கே போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா பெயர்க் காரணம் சொல்கிறார்: பக்திமானான ஒரு துருக்கிய ஹாஜி அங்கே குடியேற, சுல்தான் அந்த இடத்துக்கு வரி விலக்குக் கொடுத்தாராம்; தர்கான் என்றால் வரியில்லாத இடமாம். ஆறு உறைந்ததும் ஆயிரக்கணக்கான சுமை வைக்கோலைப் பனிக்கட்டி மேல் பரப்பி வண்டி ஓட்டுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். உறைந்த வோல்காவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அந்த வைக்கோல் வரியைப் படித்ததும் அவர்தான் முதலில் பணம் போட்டார்.

1395ஆம் ஆண்டுப் படையெடுப்பில் மத்திய ஆசியப் பேரரசர் தைமூர் அந்த ஊரை அழித்தார். ஊர் மறுபடி எழுந்தது, ஆனால் பழைய மிடுக்கு இல்லை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரஷ்யாவின் த்வெர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகீத்தின் இந்த முகத்துவாரத்தில்தான் கொள்ளை போனார். இரவில் ஊரைத் தாண்டித் தப்பிவிடலாம் என்று பாய் விரித்தார்கள். தாத்தாரியர்கள் துரத்தினார்கள். சிறிய கப்பல் மீன்பிடி அடைப்பில் சிக்கிக்கொண்டது. நிகீத்தினின் சரக்கெல்லாம் அதில்தான் இருந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினால் கடன்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே மனிதர் தெற்கே நடையைக் கட்டினார். பாரசீகம் தாண்டி, கடல் தாண்டி, நம் தக்காணத்துப் பீதர் வரை வந்துவிட்டார். ஒரு மீன் அடைப்பு இல்லாமல் போயிருந்தால் அந்தப் பயணமே நடந்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றும்.

1556இல் ரஷ்ய ஜார் நான்காம் இவான் காலத்தில் ஊர் மாஸ்கோவின் கைக்கு வந்தது. பழைய ஊரை விட்டுவிட்டு, ஆற்றின் இடக்கரையில் ஒரு மேட்டின் மேல் 1558இல் புதுக் கோட்டை கட்டினார்கள். அதே ஆண்டு அங்கே வந்த ஆங்கில வணிகர் அந்தோனி ஜென்கின்சன் கண்டது பஞ்சத்தையும் கொள்ளைநோயையும். சுற்றியிருந்த நோகாய் என்ற நாடோடி மக்கள் பட்டினியில் செத்துக் கிடந்தார்கள். இங்கிலாந்தில் ஆறு பென்ஸ் பெறும் ஒரு ரொட்டிக்குப் பெற்றோரிடமிருந்தே ஒரு பிள்ளையை வாங்கியிருக்கலாம், ஆயிரம் பேர் வேண்டுமென்றாலும் கிடைத்திருப்பார்கள் என்று அவர் கணக்கு எழுதுகிற தொனியில் எழுதிவிட்டுப் போகிறார். ரஷ்ய அஸ்த்ரகானின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் அந்த ரொட்டியையும் சேர்த்து எழுதப் போகிறோம்.

1569இல் துருக்கியர்கள் தோன் ஆற்றுக்கும் வோல்காவுக்கும் இடையே கால்வாய் வெட்டி, அதன் வழியாகக் கப்பல் கொண்டுவந்து ஊரைப் பிடிக்கப் பார்த்தார்கள். கால்வாயும் முடியவில்லை, ஊரும் விழவில்லை. (அந்த இரண்டு ஆறுகளையும் இணைக்கும் கால்வாய் 1952இல்தான் திறக்கப்பட்டது.) அதற்கப்புறம் 1580களில் கல்கோட்டை வந்தது. கிரெம்ளின் என்று அழைக்கப்படும் அந்தக் கோட்டையின் சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுக்காத மாணவர் உண்டா? அந்தச் சுவருக்கான செங்கல், பொன்னிறப் படை என்ற மங்கோலிய அரசின் பழைய தலைநகரான சராயின் இடிபாடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தது.

1670இல் கொசாக் கிளர்ச்சித் தலைவர் ஸ்தென்கா ராசின் ஊரைப் பிடித்து, ஆளுநரைக் கோபுரத்திலிருந்து தள்ளிக் கொன்றார். அந்தக் கலவரத்தில் இந்திய முற்றமும் கொள்ளை போயிற்று. 1705இல் இன்னொரு கிளர்ச்சி. தாடியை மழிக்கச் சொன்ன பீட்டர் பேரரசரின் ஆணையில் கொதித்துப் போயிருந்த ஊருக்குள், நம் பெண்களை வெளிநாட்டாருக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. பெற்றவர்கள் பயந்து ஒரே நாளில் ஏறக்குறைய 100 கல்யாணங்களை முடித்தார்கள். அந்தக் கல்யாணச் சாராயத்தோடு கிளர்ச்சி வெடித்தது. அதே பீட்டர் 1722இல் பாரசீகப் படையெடுப்புக்காக நேரில் அஸ்த்ரகான் வந்தார்.

மருத்துவர்கள் எழுதுகிற நூல் என்பதால் காலராவுக்கு ஓர் அத்தியாயம். 1817இல் வங்காளத்தில் கிளம்பிய தொற்று, துணியும் பட்டும் வந்த அதே பாரசீக வழியில் ஏறி 1823இல் அஸ்த்ரகானைத் தொட்டது. 1830இல் மறுபடி வந்தபோது அங்கிருந்து மாஸ்கோ வரை போயிற்று. ஆறு வருஷத்தில் எந்தப் பேராசிரியரும் எங்களிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் பதில் சொல்லியிருக்கவும் மாட்டோம். காஸ்பியன் கரையின் பாகூ நகரத்துப் பெட்ரோலிய எண்ணெயை அஸ்த்ரகானுக்குச் சுமந்து வந்த 1878ஆம் ஆண்டின் ஜரதுஷ்டிரா என்ற கப்பல், கேவியர், லெனினின் தந்தை பிறந்த தையற்காரர் வீடு, ஜூலை ஆகஸ்டில் முகத்துவாரமெங்கும் பூக்கும் தாமரை, இவையெல்லாம் சுருக்கமாக வரும்.

பணம் எதற்கு என்று இனிச் சொல்லலாம். இந்திய வணிகர்கள் ஜாருக்கும் ஆளுநருக்கும் கொடுத்த மனுக்கள், அவர்கள் மேல் ரஷ்ய வணிகர்கள் கொடுத்த புகார்கள், சுங்கக் கணக்குகள் எல்லாம் 1958லும் 1965லும் மாஸ்கோவில் இரண்டு ஆவணத் தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. இறந்துபோன கூட்டாளியின் சொத்து யாருக்குச் சேரும் என்பது போன்ற வழக்குகளில்தான் அந்த மனிதர்கள் உயிரோடு எழுந்து வருகிறார்கள். அதிலிருந்து முக்கியமானவற்றை நேராகத் தமிழாக்க வேண்டும்.

இதை முதலில் நாங்களே செய்து பார்த்தோம். எங்கள் ரஷ்ய மொழி, நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்கும் அளவுக்கானது. பழைய அலுவலக ரஷ்ய மொழி அதற்கு மசியவில்லை. சரியென்று கணினியிடம் கொடுத்தோம். த்வோர் என்றால் முற்றம். கணினி அதை ஆங்கிலத்தின் "கோர்ட்" வழியாகச் சுற்றிக்கொண்டு போய் "நீதிமன்றம்" ஆக்கிவிட்டது. "இந்திய விருந்தினர் நீதிமன்றத்தில் எட்டு மூட்டைத் துணி விற்கப்பட்டது" என்ற வரியை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, யார் மேல் வழக்கு, ஏன் ஏலம் என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் ரஷ்ய மொழியை முறையாகப் படித்து, பல காலம் மொழிபெயர்ப்பு வேலையே செய்த ஒருவரை அணுகினோம். கோஸ்த் என்ற சொல்லுக்கு விருந்தாளி என்று மட்டுமல்ல, பழைய வழக்கில் பெருவணிகன் என்றும் பொருள் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். அன்றே அவரை முடிவு செய்துவிட்டோம்.

அவருக்குக் கூலி 1,60,000. இது அவர் கேட்டதைவிடக் கூடுதல். மொழிபெயர்ப்பாளருக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு அட்டைக்குச் செலவழிக்கும் வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. வரைபடங்களுக்கும் பழைய படங்களுக்கும் 40,000. மெய்ப்பும் பக்க வடிவமைப்பும் 45,000. 600 பிரதி அச்சுக்கூலி 1,50,000. அதில் 250 பிரதிகளை நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இலவசமாக அனுப்ப 25,000.

எவ்வளவு கொடுத்தாலும் சரி, 100 ரூபாயும் கணக்கில் ஏறும். 2,000 ரூபாயும் அதற்கு மேலும் கொடுப்பவர்களுக்கு ஒரு பிரதி வீட்டுக்கு வரும். பெயர் நூலில் வர வேண்டாம் என்றால் ரசீது வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பொதுவில் வங்கி எண் போடப்போவதில்லை. இந்தக் கடிதத்தை உங்களுக்குக் கொடுத்த குழு உறுப்பினரிடமே விவரம் கேட்டு அனுப்புங்கள். கையில் பணமாகக் கொடுத்தாலும் எண் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு எல்லோருக்கும் வரும். தொகை சேராமல் போனால் அச்சு எண்ணிக்கையைக் குறைப்போம்; மொழிபெயர்ப்பில் கை வைக்கமாட்டோம்.

பணம் முடியாதவர்களிடம் வேறொன்று கேட்கிறோம். நகர மையத்தின் பழைய தெருக்களில் நீங்கள் எடுத்த படங்கள் பழைய போன்களில் தூங்கிக்கொண்டிருக்கும். முற்றங்கள், மர வீடுகளின் ஜன்னல் வேலைப்பாடு, ஆற்றங்கரைக் கிடங்குகள் எதுவானாலும் அனுப்புங்கள். நம் தலை நடுவில் மறைத்துக்கொண்டு நிற்கிற படமானாலும் பரவாயில்லை, பின்னால் சுவர் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
அஸ்த்ரகான் நூல் குழு